குருசைக் குறைக்கச் சொன்னார்கள்

"தலைய ஆட்டாதடே" என்கிறான் செண்பகராமன். நான் ஆட்டவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கும்போது என் தலை தானாக ஆடும் போலிருக்கிறது, நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் தன்னைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ளும் விஷயம். வளசரவாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் குழாய்க்கும் நடுவில், பிளாஸ்டிக் ஸ்டூலில், கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டும் தோள்மேல் நேற்றைய பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறேன். அவன் பழைய டூத் பிரஷ்ஷால் சாயத்தை என் வேர்க்காலில் தேய்க்கிறான். முதலில் சில்லென்று இருக்கிறது, அப்புறம் லேசாகக் கடிக்கிறது. சாயங்காலம் தயாரிப்பாளர் சொக்கலிங்கம் சாரிடம் மறுபடியும் கதை சொல்லப் போகிறோம். போன தடவை நரையோடு போனதுதான் தப்பு என்பது செண்பகராமன் கட்சி. "புது டைரக்டருன்னு சொல்லிட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாதிரி போய் நின்னா அவரு என்ன நெனைப்பாரு? பென்ஷன் பேப்பர்ல கையெழுத்து வாங்க வந்திருக்கான்னு நெனைப்பாரு." அவன் தலை மட்டும் பாதி வெள்ளை பாதி கறுப்பாக, பார்ப்பவர்களைத் தயங்க வைக்கிற நிறத்தில் இருக்கிறது. கேட்டால் சொல்வான்: "அப்பா வேஷம்னா வெள்ளை வேணும்பான், அண்ணன் வேஷம்னா கறுப்பு வேணும்பான். எந்த போன் எப்ப வரும்னு தெரியாது பாத்துக்க. அதான் ரெண்டுக்கும் நடுவுல வச்சிருக்கேன்." நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் மெல்பர்னுக்குப் போனேன், அவன் நடிக்கப் போகிறேன் என்று சென்னைக்கு வந்தான். அன்றிலிருந்து இரண்டுக்கும் நடுவில்தான் வைத்திருக்கிறான். சீரியலில் பக்கத்து வீட்டுக்காரர், சினிமாவில் கோர்ட்டில் எழுந்து நிற்கிற சாட்சி, டப்பிங் தியேட்டரில் கூட்டத்தின் குரல். என் திரைக்கதையில் வருகிற லாரி டிரைவர் குருசை அவனுக்காகத்தான் எழுதினேன். அவனுக்கும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு இன்னொன்றும் தெரியும், அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. பிரஷ் என் காதுக்குப் பின்னால் வந்திருக்கிறது. இங்கிருந்து அவன் முகம் தெரியாது, அது ஒரு வசதி.

இங்கே யாரும் திரைக்கதையைப் படிப்பதில்லை என்பது நான் ஊர் திரும்பியபோது எனக்குத் தெரியாது. அழகாக பைண்ட் பண்ணிக் கொண்டுபோயிருந்தேன். சொக்கலிங்கம் சார் அதை இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்து, அதன்மேல் தன் காபி டம்ளரை வைத்தார். மரியாதைக் குறைவாக ஒன்றுமில்லை, மேஜையின் கண்ணாடியில் வட்டம் விழும் என்பதற்காக. "சொல்லுங்க சார்" என்றார். சொல்ல வேண்டும். மழை, லாரியின் ஏர் ஹாரன், ஒருத்தி திரும்பிப் பார்க்கிற பார்வை, அந்தப் பார்வைக்கு அடியில் வருகிற வயலின், எல்லாவற்றையும் வாயாலும் கையாலும் இரண்டு மணி நேரம் நிகழ்த்த வேண்டும், பார்க்கிறவர் அதற்குள் படத்தைப் பார்த்துவிட வேண்டும். நான் சொன்னேன். எட்டாவது வரை தமிழிலும் அதற்கப்புறம் ஆங்கிலத்திலும் படித்து, ஆங்கிலத்தில் எழுதி, தானே தமிழாக்கிக்கொண்டவன் சொல்கிற மாதிரி சொன்னேன். கதாநாயகன் ஆதித்யன் உள்ளே நுழைகிறான், அவன் முகத்தில் குழப்பம் தெரிகிறது. அவர் போனை எடுத்துப் பார்த்தார். "சார் தப்பா நெனைக்காதீங்க, சப்டைட்டில் படிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அப்போதுதான் செண்பகராமன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். "சார், நான் சொல்லட்டுமா? ரைட்டர் பாவம், ஃப்ளைட்டு எறங்கி இன்னும் காது அடைச்சிருக்கு." இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் சிரித்தார். அவன் சொல்ல ஆரம்பித்தான், நாற்காலி லாரியானது, ஏசியின் சத்தம் மலைமேல் காற்றானது, அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். நான் எழுதிய கதையை நான் முதல்தடவையாகக் கேட்டேன். பொறாமையாக இருந்ததா என்று இப்போது யோசித்தால், ஆமாம், கொஞ்சம் இருந்தது, அது போதாதென்று நிம்மதியாகவும் இருந்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரி. அதை நடத்தலாமா மூடலாமா என்று அறிக்கை எழுத வெளிநாட்டிலிருந்து வருகிறான் ஆதித்யன், நிலவியல் படித்தவன், அந்த ஊர்க்காரன். அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த குருசு அதே குவாரியில் டிப்பர் லாரி ஓட்டுகிறான், மனைவியின் நகையைப் போட்டு வாங்கிய சொந்த லாரி. குவாரி மூடினால் லாரி நிற்கும். குருசுதான் ஆதித்யனை லாரியில் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றிக் காட்டுகிறான். குவாரிப் பள்ளத்துக்குக் கீழே குருசைத் தவிர யாருக்கும் தெரியாத ஊற்று ஒன்று இருக்கிறது, ஐந்து கிராமத்துக் கிணறுகளுக்கு அதுதான் நீர். குருசு காட்டிய அந்த ஊற்றைப் பார்த்துவிட்டு ஆதித்யன் அறிக்கையை எழுதுகிறான். குவாரி மூடப்படுகிறது. ஆதித்யன் கனத்த மனதோடு விமானம் ஏறுகிறான். கனத்த மனதோடு என்று நானேதான் எழுதியிருந்தேன். எந்த இயக்குநர் அதை எப்படிப் படமெடுப்பார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, இயக்குநரும் நான்தான்.

கேட்டு முடித்ததும் சொக்கலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபர்ஸ்ட் ஹாஃப் நல்லா இருக்கு. செகண்ட் ஹாஃப் லேக், இழுக்குது. ஹீரோ ஏன் இவ்ளோ யோசிக்கிறான்? அப்புறம் அந்த லாரிக்காரன், அவன் ஹீரோவைச் சாப்டுடறான் சார். அவனைக் கொறைச்சிடுங்க. விஹான் ஒத்துக்க மாட்டான்." விஹான் என்பது அவருக்குக் கால்ஷீட் தேதி கொடுத்திருக்கிற இளம் நாயகன், ஆதித்யனாக நடிக்கப்போகிறவன். "சரி பண்ணிட்டு வாங்க, பாக்கலாம்." படியிறங்கும்போது நான் செண்பகராமனிடம் கேட்டேன், பாக்கலாம் என்றால் என்ன. "பாக்கலாம்னா போன்னு அர்த்தம். சரி பண்ணிட்டு வாங்கன்னா வான்னு அர்த்தம். ரெண்டையும் சேத்துச் சொன்னா அவருக்கே தெரியலன்னு அர்த்தம். வா, டீ குடிப்போம்." டீ வந்ததும் அவன் குடிக்கவில்லை. கண்ணாடித் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "கொறைச்சா ஷூட்டிங் நாளும் கொறையும். நல்லதுதான், சீரியலுக்கு தேதி குடுக்கலாம்" என்றான். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்வது என் பழக்கம், வெளிநாட்டில் அலுவலகத்தில் அதற்கு நல்ல பெயர்கூட வாங்கியிருக்கிறேன்.

சொன்னபடியேதான் திருத்தவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போது முதுகு கூசுகிறது, சாயம் கழுத்தில் வழிந்ததாலும் இருக்கலாம். இரண்டாம் பாதி லேக் என்றார்கள், இரண்டாம் பாதியில் ஒரு சண்டை வைத்தேன், குவாரி அடியாட்கள் ஆதித்யனை மழையில் அடிக்கிறார்கள். லேக் போகவில்லை, மழை மட்டும் வந்தது. ஹீரோ ஏன் யோசிக்கிறான் என்றார்கள், அவனுக்கு ஒரு செத்துப்போன அம்மாவைக் கொடுத்தேன், யோசிக்க ஒரு காரணம் ஆயிற்று. அவன் இன்னும் அதிகமாக யோசித்தான். லாரிக்காரனைக் குறை என்றார்கள், குறைத்தேன். ஊற்றைக் காட்டுகிற காட்சியில் குருசு பேசுவது நான்கு பக்கம், அதை ஒரு பக்கமாக்கினேன், பிறகு ஆதித்யனே போய்க் கண்டுபிடிப்பதாக மாற்றினேன், குருசு கீழே லாரியில் ஹாரன் அடித்துக்கொண்டு இருக்கிறான். செண்பகராமன் அந்தப் பிரதியைச் சத்தமாக வாசித்துப் பார்த்தான். ஹாரனை மட்டும் நன்றாக அடித்தான். "ஓகேடே. கச்சிதமா இருக்கு" என்றான். கச்சிதம் என்பது பிணத்தைப் பெட்டியில் வைத்த பிறகும் சொல்லலாம். முன்பு நன்றாக இருந்த முதல் பாதியும் செத்துப்போயிருந்தது. எங்கே தொட்டேன் என்று புரியவில்லை, முதல் பாதியில் நான் கையே வைக்கவில்லையே, சில இடங்களில் குருசின் பேச்சை வெட்டியதைத் தவிர.

"கண்ணு எரியுதா?" என்று கேட்கிறான். இல்லை என்கிறேன். எரிகிறது. என் மனைவி பியூலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "அண்ணே, புருவத்துக்கும் போட்டுறாதீங்க, அப்புறம் வில்லன் மாதிரி ஆயிருவாரு." "வில்லனா இருந்தா வேஷமாவது கெடைக்கும் பியூலா. டைரக்டருக்கு என்ன கெடைக்கும், திட்டுதான்." அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள், குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகிற சத்தம். அவளால்தான் இது எல்லாம். அவள் மேல் கோபமாகக்கூட இருந்தது இரண்டு நாள், காரணம் சொல்ல முடியாத கோபம், உப்பு போதவில்லை என்று காட்டிக்கொண்ட கோபம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து என் முதல் பிரதியைப் படித்தாள், குறைக்காத பிரதி. நான் எதிரில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் படித்தேன். ஓர் இடத்தில் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "எது?" என்றேன். "அந்த லாரிக்காரர் வீட்டுக்கு வர்றாரு. ஊற்றைக் காட்டிட்டு வந்துட்டேன்னு பொண்டாட்டிட்ட சொல்லல, ஆனா அவளுக்குத் தெரிஞ்சுபோகுது. கஞ்சி ஊத்துறா. ஊறுகா வைக்க மறந்துட்டா. அவரும் கேக்கல." "சரி, ஹீரோ?" "ஹீரோவுக்கு என்ன?" "அவன் கஷ்டம் தெரியுதா?" அவள் பக்கத்தைத் திருப்பினாள். "அவருக்கென்னங்க கஷ்டம். ரிட்டர்ன் டிக்கெட் கைல இருக்கே."

ரிட்டர்ன் டிக்கெட் கைல இருக்கே. அவள் அதற்கப்புறம் எழுந்து போய் மீனைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். நான் ஆதித்யனுக்கு அம்மாவைக் கொடுத்தேன், அடி கொடுத்தேன், மழை கொடுத்தேன், ஒரு பழைய காதலியைக்கூடக் கொடுத்துப் பார்த்தேன். அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. குவாரி திறந்திருந்தாலும் மூடினாலும் அவன் விமானம் ஏறுவான். போகப்போவது குருசின் லாரி. ஊற்றைக் காட்டுவதா வேண்டாமா என்று ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தவனும் குருசுதான், காட்டினால் தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொள்வோம் என்று தெரிந்து காட்டியவனும் அவன்தான். அதை நான் ஆதித்யனின் தோளுக்குப் பின்னாலிருந்து எழுதியிருக்கிறேன், ஏதோ ஆதித்யன் கண்டுபிடித்ததாக. கதை குருசினுடையது. கேமராவை அவனிடமிருந்து திருப்பும் ஒவ்வொரு இடத்திலும் படம் நிற்கிறது, அதைத்தான் லேக் என்றிருக்கிறார்கள். ஹீரோ ஏன் யோசிக்கிறான் என்றால் அவனுக்குச் செய்ய வேறொன்றும் இல்லை. லாரிக்காரன் ஹீரோவைச் சாப்பிடுகிறான் என்றால், சாப்பிடட்டும், அவன் கதைதானே. மூன்று குறைகள் என்று மூன்று இடத்தில் பேண்டேஜ் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரே குறைதான். வலிக்கிற இடத்தைத்தான் அவர்களால் காட்ட முடியும், ஏன் வலிக்கிறது என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை. இது தெரியாதவன் இல்லை நான். மெல்பர்னில் சாயங்காலத் திரைக்கதை வகுப்பில் ஜூடித் என்ற கிழவி இதையே மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தாள். நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

ஜூடித்தும் படித்தாள். ஆங்கிலப் பிரதியை அனுப்பியிருந்தேன், நான்கைந்து வரி பதில் போட்டாள். உன் ஆள் காரில் ஏறிப் போகும்போதெல்லாம் கேமரா அந்த டிரைவரோடு நின்றுவிடாதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது என்று எழுதியிருந்தாள். நான் அதை செண்பகராமனுக்குப் படித்துக் காட்டினேன், பெருமையாக. பாரு, குருசைப் பாராட்டியிருக்காங்க. அவன் வெட்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டான். பாராட்டு என்று நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டது குறை. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. திட்டியதை எல்லாம் பொறுக்கியெடுத்துச் சரி செய்யப் புறப்பட்ட நான், புகழ்ந்ததைத் தனியாக எடுத்து பத்திரப்படுத்திவிட்டேன். வழி அங்கே இருந்தது. சொக்கலிங்கம் சார் ஆதித்யன் விமானம் ஏறி முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்தார், குருசின் லாரி வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்தார். பியூலா மூக்கைத் துடைத்தது ஆதித்யன் பிரியும்போது இல்லை. வாயால் சொன்ன குறைக்கும் முகம் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. நான் வாயை மட்டும் கேட்டேன். ஒரு நாள் முழுக்க எனக்கு நானே வேறொன்று சொல்லிக்கொண்டேன்: அது செண்பகராமன் சொன்ன விதம், அவன் நடிகன், தன் பாத்திரத்தைத் தூக்கிச் சொல்லியிருப்பான், எழுத்தில் அப்படி இருக்காது. அப்படி இருந்துவிட்டால் நல்லது என்று எத்தனை ஆசைப்பட்டேன். ஆனால் ஜூடித் அவன் சொல்லிக் கேட்டவள் இல்லை. பியூலா காகிதத்தில்தான் படித்தாள். சொன்னாலும் படித்தாலும் இரண்டு மொழியிலும் அவன்தான் நின்றான்.

சரி, கதை குருசினுடையது. கண்டுபிடித்தவன் சந்தோஷப்பட வேண்டாமா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன், ஒரு கவளம் அளவுக்கு. அடுத்த கவளத்தில் தெரிந்துவிட்டது. குருசு கதாநாயகன் என்றால் கதாநாயகன் செண்பகராமன் இல்லை. நாயகனின் நண்பன் என்றால், "பெரிய வேஷத்துக்குப் புதுமுகம் சார், பிரமாதமா பண்ணுவாரு" என்று நான் சொல்ல முடியும், அவரும் போனால் போகிறது என்று விடுவார். நாயகனாக ஐம்பதை நெருங்கும் ஒருத்தனை, கோர்ட்டில் எழுந்து நின்ற சாட்சியை, சொக்கலிங்கம் சார் வைத்துப் படமெடுப்பாரா. சிரிப்பார். அன்பாகவே சிரிப்பார். விஹான் இருக்கானே என்பார். குருசைச் சின்னப் பையனாக்கிவிடலாம், ஆதித்யனையும் வயசைக் குறைத்துவிடலாம், ஒன்றும் கெடாது. கெடாது என்பதுதான். கதை யாரைப் போட்டாலும் தாங்கும், இப்போது அது அவ்வளவு உறுதியாக இருக்கிறது. செண்பகராமனுக்கு என்ன கொடுப்பேன், குவாரி வாட்ச்மேனா, ஹாரன் கேட்டுக் கேட் திறக்கிறவனா. போன மழைக்காலத்தில் அவன் பூந்தமல்லிக்குப் போய் ஹெவி லைசன்ஸ் எடுத்தான். பதினெட்டு வயசுப் பையன்களோடு வரிசையில் நின்று, அவர்கள் இவனை அங்கிள் என்று கூப்பிட, டிப்பர் லாரியை ரிவர்ஸ் எடுக்கப் பழகினான். லைசன்ஸ் அட்டையைக் கொண்டுவந்து எங்கள் டைனிங் டேபிளில் வைத்தான். "போட்டோவுல குருசு மாதிரியே இருக்கேன்லா?" இருந்தான். கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொள்வது, பேசும்முன் ஒரு தரம் காறிக்கொள்வது, உட்காரும்போது இடது காலை மடக்கிக்கொள்வது, எல்லாம் அவனிடமிருந்து எடுத்துத்தான் குருசுக்குப் போட்டேன். ஒரு மனுஷனின் உடம்பை எடுத்து எழுதிவிட்டு, எழுத்து நன்றாக வந்துவிட்டது என்பதால் அவனை அதிலிருந்து இறங்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் விடலாம். இன்று சாயங்காலம் கச்சிதமான பிரதியைச் சொல்லுவோம், ஹாரன் அடிப்பான், சார் கண்ணாடியைத் துடைப்பார், பாக்கலாம் என்பார், இந்தத் தடவை வெறும் பாக்கலாம். டீ குடிப்போம். அடுத்த தயாரிப்பாளர், அதற்கடுத்தவர். படம் வராது. வராத படத்தில் அவன்தான் குருசு, சாகும்வரை அவன்தான். வருகிற படத்தில் அவன் இல்லை. எது அவனுக்கு நான் செய்கிற நல்லது என்று ஞாயிறிலிருந்து நிறுத்துப் பார்க்கிறேன், தட்டு ஒரு பக்கமும் நிற்கவில்லை. அவனுக்காக என்று நான் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு எனக்காக என்பதும் தெரியவில்லை. நல்ல கதை கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கெட்ட கதையைச் சொல்ல என்னால் முடியுமா. முடியாது என்றுதான் நினைக்கிறேன், அதை நினைக்கும்போது என்னை எனக்குப் பிடிக்கவில்லை. மெல்பர்னில் இருந்திருந்தால் இதை ஒரு மின்னஞ்சலில் மூன்று பத்தியாக எழுதியிருப்பேன், முதல் பத்தியில் நன்றி, இரண்டாவதில் விஷயம், மூன்றாவதில் வாழ்த்து. இங்கே அவன் என் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"முடிஞ்சுது. இனி ஊறணும். அசையாம இரு" என்று ஸ்டூலுக்கு எதிரே கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்காருகிறான், இடது காலை மடக்கிக்கொண்டு. கையுறை கிடைக்கவில்லை என்று பால் கவரைக் கையில் மாட்டியிருக்கிறான், விரலெல்லாம் கறுப்பு. ஊறுகிற நேரத்தில் நான் எங்கேயும் சாய முடியாது, படுக்க முடியாது, போனைக்கூடக் காதில் வைக்க முடியாது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் வாஷிங் மெஷினைப் பார்க்கிறேன். "என்னடே, மூணு நாளா ஒரு மாதிரி இருக்க?" "ஒண்ணுமில்ல." "பயமா? நான்லா சொல்லப்போறேன். நீ பக்கத்துல உக்காந்து கறுப்பா இரு, போதும்." அவன் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வராததை அவன் பார்க்கிறான், பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் நகத்திலிருந்து சாயத்தைச் சுரண்டுகிறான். எப்போதும் இப்படித்தான், அவனுக்குப் புரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்குப் புரியாது. டீக்கடையில் தம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவனுக்கு எவ்வளவு புரிந்திருந்தது. அன்று முழுக் கதையையும் தன் வாயால் சொன்னவன் அவன். எங்கே கேட்பவரின் மூச்சு நிற்கிறது, எங்கே திரும்ப வருகிறது என்று சொல்கிறவனுக்குத் தெரியாதா. எனக்கு முன்பே தெரிந்துகொண்டு, நான் கண்டுபிடிக்காமல் இருந்தால் நல்லது என்று இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தானா. இப்படி நினைப்பது அவனைக் குறைப்பதாகிறது. அவனை இன்னும் எத்தனை விதமாகக் குறைப்பேன். கீழே காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கரில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போகிறார், தெருமுனை வரை கேட்கிறது, பிறகு நிற்கிறது. பியூலா மூன்று தட்டு எடுத்து வைக்கிற சத்தம்.

"வா, கழுவீருவோம்." குழாய்க்குக் கீழே குனிகிறேன். அவன் மக்கில் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறான், இன்னொரு கையால் தேய்க்கிறான். கறுப்பாக ஓடுகிறது, என் மூக்கு நுனியிலிருந்து கறுப்பாகச் சொட்டுகிறது. குனிந்தபடி, அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறேன், நிமிர்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். கதை ஆதித்யனோடது இல்லடே, குருசோடது. ஆரம்பத்துல இருந்தே. அவன்ட்ட இருந்து தொடங்கி அவன்ட்டயே முடியணும், ஆதித்யன் வந்துட்டுப் போறவன், அவ்வளவுதான். ஊற்றைக் காட்டலாமா வேண்டாமாங்கறதுதான் இன்டர்வெல். இன்னைக்கு அப்படிச் சொல்லு. மடமடவென்று சொல்லிவிட்டேன். தலையில் கை நின்றுவிட்டது. மக்கில் தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம் மட்டும். பிறகு, மேலேயிருந்து, சாதாரணக் குரலில்: "நல்லாருக்கும்." வழிகிற மக்கைச் சாய்த்துவிட்டு, "யாரு செய்யுதா?" இதற்குப் பதில் சொல்லத்தான் மூன்று நாளாக ஒத்திகை பார்த்தேன், உனக்கு வேறொன்று எழுதுகிறேன், இது தொடக்கம்தான், நீ இல்லாமல் இந்தக் கதையே இல்லை. மூக்கிலிருந்து சொட்டுகிற கறுப்பைப் புறங்கையால் துடைக்கிறேன். "விஹானா?" "ம்." குழாயை மூடுகிறான். திறக்கிறான். "இன்னும் குனி, பின்கழுத்துல இருக்கு" என்று ஊற்றுகிறான். கையில் வேகம் கூடவில்லை, குறையவும் இல்லை. அழுத்தித் தேய்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

துண்டால் தலையைச் சுற்றி ஸ்டூலில் உட்கார வைக்கிறான். காதில் தண்ணீர் போய் எல்லாம் தூரத்தில் கேட்கிறது. "அண்ணே, சாப்பாடு" என்கிறாள் பியூலா. "ரெண்டு நிமிசம் பியூலா, ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுதேன்." சுவரோடு சேர்ந்து நிற்கிறான், ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறான். "சார், மொதல் ஷாட். இருட்டு. லாரி ஹெட்லைட் வெளிச்சத்துல ஒரு மலை, பாதி மலைதான் இருக்கு. ஸ்டியரிங்ல ஒரு கை." சொல்கிறான். நான் அந்தக் கையைப் பார்க்கிறேன், அது அவன் கை மாதிரி இல்லை. காறிக்கொள்ளவில்லை. கன்னம் தோளுக்குப் போகவில்லை. தாடை இறுகி, முதுகு நிமிர்ந்து, பேசும்முன் கழுத்தை மெதுவாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கிறான், விஹான் பார்க்கிற பார்வை. குரலிலிருந்து நாகர்கோவில் போய்விட்டது. பத்து வயது குறைந்து, பிறகு இன்னும் பத்து குறைந்து, தெருவில் கட்-அவுட்டில் நிற்கிற பையனுக்குச் சட்டை அளவெடுப்பது போல ஒவ்வொரு காட்சியாக எடுத்து அவன்மேல் வைத்துப் பார்க்கிறான். பொருந்துகிறது. ஊற்று வருகிறது, இன்டர்வெல் வருகிறது, இரண்டாம் பாதி வருகிறது, எங்கேயும் நிற்கவில்லை. பியூலா கரண்டியோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது, நன்றாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துக் கண்ணால் சொல்கிறாள். கஞ்சி ஊற்றுகிற இடம் வந்ததும் செண்பகராமன் நிறுத்துகிறான். தரையைப் பார்த்து யோசிக்கிறான். "இந்த எடத்துல நான் அழுவேன்டே. அந்தப் பையனுக்கு அழுக வராது, அழுதா நல்லாருக்காது. முகத்த அந்தப் பக்கம் திருப்பிட்டுக் கஞ்சியக் குடிக்கட்டும். பொண்டாட்டி மட்டும் பாக்கட்டும். எழுதிக்க." வாஷிங் மெஷின்மேல் கிடந்த பேனாவை எடுத்து, தோளிலிருந்து விழுந்த பேப்பரின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.